கோல் கம்பத்தின் ஓரத்தில் வைத்த ஹெல்மெட்

என்னிடம் ஹாக்கி கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு இடது கண் போனது என்னால். அது விபத்து. அந்த விபத்துக்கு அவளே காரணம் என்று அவளைப் பெற்றவரையும் ஊரையும் நம்பவைத்தது விபத்து அல்ல. அதை நான் யோசித்துச் செய்தேன்.

கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஹாக்கி மட்டை இல்லாத தெரு எங்கள் ஊரில் கிடையாது. பெண்கள் அணிக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். பிலோமினா எங்கள் கோல்கீப்பர், பதினொன்றாம் வகுப்பு. அந்த வருடம் பழைய மாணவர்கள் சேர்ந்து கோல்கீப்பருக்கென்று புது ஹெல்மெட்டும் கால் பேடுகளும் வாங்கிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்போது பள்ளிகளில் அதுதான் வழக்கம். புதுச் சாமான் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டுவதற்கு, மாநிலப் போட்டிக்கு எடுத்துப்போவதற்கு. பயிற்சிக்குப் பழசு போதும். பழைய ஹெல்மெட்டின் முகக்கம்பி உடைந்து அதைத் தூக்கிப் போட்ட பிறகும் பீரோவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் மற்ற பிள்ளைகள் டவுன் பஸ்ஸுக்குப் போன பிறகு, அவளை மட்டும் கோலில் நிறுத்திப் பந்து அடித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள். ஒரு பந்து எழும்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவளுடைய புத்தகப் பையை எடுத்துவருவதாகச் சொல்லிப் பள்ளிக்குத் திரும்பினேன். பீரோவைத் திறந்தேன். உறையைக் கிழித்தேன். ஹெல்மெட்டை மண்ணில் கொஞ்சம் புரட்டி, கோல் கம்பத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை தலைமையாசிரியர் மைதானத்தில் அதைப் பார்த்தார். வெக்கை தாங்கவில்லை என்று கழற்றி வைத்துவிட்டாள், நான் சொல்லியும் கேட்கவில்லை என்றேன். அவளுடைய அப்பா சூசையிடமும் அதையே சொன்னேன். தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன சார் செய்வீக, சொன்ன பேச்சு கேக்காத கழுதை" என்றார்.

முப்பது வருடம் ஆகப்போகிறது. பிலோமினா அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. கல்யாணமாகி மைசூருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெற்றேன், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தேன், நல்லாசிரியர் என்று சால்வை போட்டார்கள். போன வருடம் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்த நாட்களில் காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். மனைவி சிரித்தாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மைசூரில் பெண்கள் சர்வதேச ஹாக்கிப் போட்டி, நாலு நாட்டு அணிகள். ஜப்பான் அணிக்கு ஆஸ்பத்திரி, சாப்பாடு, பஸ் என்று எல்லாம் பார்த்துக் கொடுக்க உள்ளூரிலிருந்து ஒருவரைப் போட்டிருந்தார்கள். அது பிலோமினா. அப்பா எப்படி இருக்கிறார் என்று யாரோ கேட்டதற்கு, "என்கூடத்தான் இருக்கார். காது நல்லாக் கேக்குது, திட்டும் நல்லா வருது" என்று பதில் போட்டிருந்தாள்.

ஹாக்கி பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "மட்டையைத் தூக்கிட்டு நீங்களும் எறங்கிராதீக" என்று சொல்லிப் பையில் கடலைமிட்டாய் வைத்தாள்.

மைசூரில் இறங்கியதும் குளிர். எங்கள் ஊர்க்காரனுக்கு அது குளிர்தான். உள்ளூர் ஆட்களோ அரைக்கைச் சட்டையில் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரரிடம் தெலுங்கில் பேசிப் பார்த்தேன். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. கன்னடத்துக்கு அது பாதி வழி கொண்டுபோய் விடும் என்று நம்பியிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "எங்கீங்கய்யா போகோணும்?" என்றார். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். வீட்டில் தமிழ், ரோட்டில் கன்னடம், பிள்ளைகளுக்கு இரண்டும் அரைகுறை என்றார். ஹாக்கி மைதானத்துக்குப் பக்கத்தில் நல்ல விடுதியாகப் பார்த்து இறக்கிவிடச் சொன்னேன். மகள் ஆடுகிறாளா, பேத்தியா என்று கேட்டார். மாணவி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "வாத்தியாருங்களா, அப்ப கும்புட்டுக்கறனுங்க" என்று ஓட்டிக்கொண்டே ஒரு கையைத் தூக்கினார். இறங்கும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காலைப் பலகாரம் தோசை. உள்ளே சிவப்புச் சட்னி பூசி, மேலே ஒரு கட்டி வெண்ணெய். சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் சாம்பாரில் இனிப்பு தட்டினால் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்போம். இங்கே எல்லோரும் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார்கள். எனக்குப் பாதித் தோசைக்கு மேல் போகவில்லை. சமையலில் குற்றமில்லை. அன்று மத்தியானம் முதல் ஆட்டம். அவள் அங்கே இருப்பாள்.

மைதானம் நீல நிறச் செயற்கைத் தரை. ஆட்டத்துக்கு முன்னால் குழாய்களைத் திறந்து தரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். குளம் மாதிரி நின்றது. பந்து வழுக்கி ஓட அது வேண்டும். எங்கள் ஊரிலும் இப்போது இந்தத் தரை வந்துவிட்டது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்த காலத்தில் குடிக்கவே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். செம்மண்ணில் சரளைக்கல் பொறுக்கிவிட்டுத்தான் ஆடுவோம். கல்லில் பட்டால் பந்து எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜப்பானும் தென்னாப்பிரிக்காவும் ஆடின. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்கக் கோல்கீப்பரைப் பார்த்தேன். தலைமுதல் கால்வரை கவசம், ஹெல்மெட்டின் கம்பிக்குப் பின்னால் முகமே தெரியவில்லை. அப்படியும் பெனால்ட்டி கார்னரை என்னால் பார்க்க முடியவில்லை. ஐந்து பேர் கோல் கோட்டில் நிற்க, எதிரே ஒருத்தி பந்தைத் தூக்கி எறிவதுபோல் அடிப்பாள். ஒவ்வொரு தடவையும் தரையைப் பார்த்துக்கொண்டேன். பின்னால் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசியது பாதி புரிந்தது. இந்தப் பெரியவருக்கு வேண்டியவர்கள் யாரோ ஆடுகிறார்கள் போல, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார் என்றாள் ஒருத்தி. தென்னாப்பிரிக்காவிலா இவருக்கு வேண்டியவர்கள் என்று மற்றவள் கேட்டுச் சிரித்தாள்.

மூன்றாம் கால்பகுதியில் பிலோமினாவைக் கண்டுகொண்டேன். வேலியோரம் தண்ணீர் பாட்டில்களைப் பெட்டியோடு தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கால் இரண்டையும் அகட்டி, முழங்காலை லேசாக மடித்து நின்ற நிற்பில் தெரிந்தது. கோல்கீப்பர் அப்படித்தான் நிற்பாள். இடப்பக்கம் யாரோ கூப்பிட, முகத்தை முழுசாகத் திருப்பினாள். நான் எழுந்து, ஆட்டம் முடியுமுன் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் இன்னும் மோசம். மைதானத்துக்கே போவதாகத்தான் பஸ் ஏறினேன். பலகையில் எண்கூடக் கன்னடத்தில் இருந்தது. ஊர் முடிந்து தென்னந்தோப்பும் ஆலைச் சுவர்களும் வர ஆரம்பித்ததும் கண்டக்டர் வந்தார். இது நஞ்சன்கூடு போகிறது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். நஞ்சன்கூடுக்கே டிக்கெட் கொடுங்கள் என்றேன். தப்பான பஸ் என்று தெரிந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நஞ்சன்கூட்டில் பெரிய சிவன் கோயில். வாசலில் பூ விற்ற அம்மாள், வெளியூர்க்காரன் என்று கண்டு, இந்தச் சாமி வைத்தியர் என்று விளக்கினார். முன்காலத்தில் ஒரு சுல்தானின் யானைக்குக் கண் தெரியாமல் போக, இங்கே கொண்டுவந்து வேண்டிக்கொண்டதும் பார்வை திரும்பியதாம். உங்கள் கண்ணுக்கும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று என் மூக்குக்கண்ணாடியைக் காட்டினார். பூவை வாங்கினேன். உள்ளே போகவில்லை. ஆற்றங்கரைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

மைதானத்து வாசலில் அவள் நின்றிருந்தாள். காதில் ஃபோன், கழுத்தில் அடையாள அட்டை. ஒளிய இடமில்லை. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "பாலு சார்தானே. நேத்தே பாத்தேன் சார், கேலரியில. அதுக்குள்ள கெளம்பிட்டீங்க" என்றாள். நான் என்னவோ உளறினேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஜப்பான்காரர்களின் பஸ் எங்கோ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு வாழைப்பழம் வேண்டும், கால் முக்கி உட்கார ஐஸ் வேண்டும். "நல்லவேளை வந்தீங்க. ரெண்டு கை பத்தாது. ஏறுங்க சார்" என்று ஆட்டோவில் இடத்தைத் தள்ளிக் கொடுத்தாள்.

என்னை அவள் கண்டுகொண்டால் என்ன செய்வாள் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தேன். வாழைப்பழம் வாங்கக் கூட்டிப்போவாள் என்று நினைக்கவில்லை.

தேவராஜா மார்க்கெட்டில் ஒரு சந்து முழுக்க வாழைப்பழம், அடுத்த சந்து முழுக்க குங்குமம். அவள் எனக்கு வலப்பக்கமாக நடந்தாள். என்னைத் தன் இடப்பக்கம், பார்வை இல்லாத பக்கமாக விட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் யாராவது இடித்தால் நான் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது தவிர வேறு எதுவும் அதில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜப்பான் அணியின் மேலாளர் அம்மாள் பழம் எப்படி இருக்க வேண்டும் என்று ஃபோனில் பேசி, அதை ஃபோனே மொழிபெயர்த்து அனுப்பியிருந்தது: காயாகவும் வேண்டாம், தோலில் ஒரு புள்ளியும் வேண்டாம். கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. ரசபாளே என்ற உள்ளூர்ப் பழத்தை எடுத்துக் காட்டினார். தோல் கறுத்தால்தான் இது தித்திக்கும், புள்ளியில்லாத பழம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் செய்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். பிலோமினா கன்னடத்தில் பதிலுக்குப் பதில் கொடுத்து, கடைசியில் இரண்டிலும் வாங்கினாள். "புள்ளி உள்ளது நமக்கு" என்று ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினாள். தின்றேன். ருசி தெரியவில்லை.

ஐஸ் மூட்டையைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். திரும்பும் வழியில் என் வேட்டி நனைந்து தொடை மரத்துப்போனது. ஒரு சிக்னலில் ஆட்டோ நின்றபோது சொல்ல ஆரம்பித்தேன்.

"நான் ஹாக்கி பாக்க வரல பிலோமினா."

"தெரியும் சார்."

"அந்த ஹெல்மெட்ட நான்தான் கொண்டுபோயி..."

"சார்." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. பீரோ சாவி உங்க பையிலதான இருந்தது. தெரியாதவர் வீட்ல இருக்கார்."

பச்சை விழுந்து ஆட்டோ கிளம்பியது. அதன் சத்தத்தில் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், குரலை உயர்த்தவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா ஒளிக்காமல் சொன்னாராம், வாத்தியார் பேச்சைக் கேட்காமல் கண்ணைத் தொலைத்தவள், மற்றபடி நல்ல பிள்ளை என்று. கதவில் இடித்துக்கொண்டாலும் அதுதான், பாத்திரம் கைதவறினாலும் அதுதான். "இப்ப எம் பையன் பைக் எடுக்கிறான். தாத்தா தெனமும் வாசல்ல நின்னு சொல்றார். 'ஹெல்மெட் போடுலே, ஒங்கம்மா மாதிரி ஆயிராதே.' அவனும் சிரிச்சுக்கிட்டே போடறான்."

மைதானத்தில் ஐஸை இறக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை, மத்தியானம் சாப்பிட வாருங்கள் என்றாள். கணவரும் மகனும் சர்ச் வேலையாக வெளியே போகிறார்கள், அப்பா மட்டும்தான் இருப்பார்.

ஞாயிறு காலை முழுவதும் விடுதி அறையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்தியவன் நான். கண்ணாடி முன்னால் நாலு வாக்கியம் முழுசாக வரவில்லை. சூசைக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். அதிர்ச்சியில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல் திரும்புவதற்கு அது நல்ல காரணம் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதால்தான் கிளம்பினேன்.

என்னைப் பார்த்ததும் சூசை நாற்காலியை விட்டு எழுந்தார். எழுவதற்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு, தான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நம்ம சார் வந்திருக்காக, எந்த ஊர்ல இருந்து, கோவில்பட்டியில இருந்து" என்று சுவரைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். தீப்பெட்டி ஆபீசுகள் எத்தனை மிச்சம் என்று கேட்டார். ரயில்வே கேட்டில் மேம்பாலம் வந்ததா, யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று கேட்டார். இந்த ஊரில் மழை கிடக்கிறது, மரம் கிடக்கிறது, ஆனால் வெயில் என்று ஒன்று இல்லை என்று குறைப்பட்டார். ஹாக்கியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மகள் ஆடிய காலத்திலேயே அவர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆபீசில் லீவு கிடையாது. அதற்குப் பிறகு, டிவியில் வந்தாலும் மாற்றிவிடுவார் என்று பிலோமினா முன்பே சொல்லியிருந்தாள்.

கோழிக் குழம்பும் ராகிக் களி உருண்டையும் வைத்தாள். களி இந்த வீட்டு மாப்பிள்ளைக்காகப் பழகியது, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சூசை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். விழுங்கினேன். பிலோமினா டம்ளரின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் சிந்தியது.

"பாத்து ஊத்துளா" என்றார் சூசை. "அன்னைக்கு சார் சொன்னதக் கேட்டிருந்தா..."

"சூசை, அன்னைக்கு நான் அவளுக்கு ஹெல்மெட் கொடுக்கல" என்றேன்.

அவர் மென்றுகொண்டே சிரித்தார். "சாருக்குப் பெரிய மனசு. இத்தன வருசம் கழிச்சும் அவளக் காப்பாத்தத்தான் பாக்கீக."

நான் எதிர்பார்த்திருந்த எந்தப் பதிலும் இது இல்லை. என்னை நல்லவன் என்று அவர் அவ்வளவு உறுதியாக நம்பினார். இல்லை, உண்மையாகவே கொடுக்கவில்லை, பீரோவில் பூட்டி வைத்திருந்தேன் என்றேன். அதற்கும் தலையாட்டினார்; பள்ளிக்கூடச் சாமான் என்றால் பத்திரமாகத்தானே வைக்க வேண்டும் என்றார். பிலோமினா தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றாள். பிறகு நான், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் போனதை, பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததை, உறையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டதை வரிசையாகச் சொன்னேன். "புதுசாத் தெரியக்கூடாதுன்னு மண்ணுல பெரட்டுனேன் சூசை. கையால மண்ண அள்ளி உள்ளயும் போட்டேன்."

மண்ணைச் சொன்னதும் அவர் மெல்லுவது நின்றது. என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"நீ ஏம்ளா சொல்லல?"

"சொன்னேன்ப்பா. கட்டுப் போட்டுக் கெடக்கும்போதே சொன்னேன். பொய் வேற சொல்லுதியான்னு அறைஞ்சீங்க."

சூசை, குழம்பு காய்ந்துகொண்டிருந்த தன் வலது கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கும் எழுந்திருக்கத் தைரியம் இல்லை. வெகுநேரம் கழித்து அவரே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கை கழுவினார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாசல்வரை பிலோமினா வந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். அதை இன்னும் யோசிக்கவில்லை என்றாள். "அவருக்குத் தெரிஞ்சா எனக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சிருந்தேன் சார். அப்படி இல்ல. இப்ப உள்ள போகவே பயமா இருக்கு."

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் என் ஃபோனை விட்டு நான் நகரவில்லை. கூப்பிட்டுக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. கேட்காமல் ஊருக்குத் திரும்பவும் முடியவில்லை. முப்பது வருடம் நான் சுமந்ததை ஒரு சாப்பாட்டு நேரத்தில் அந்த மனிதரிடம் மாற்றிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மகளைப் பொய்க்காரி என்று அறைந்ததை இனி அவர்தான் சுமக்க வேண்டும். காப்பி கொண்டுவந்த விடுதிப் பணியாளர், உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

திங்கள் சாயங்காலம் இறுதி ஆட்டம். அவள் கட்டாயம் அங்கே இருக்க வேண்டியவள். இல்லையென்றால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். ஜப்பான் பஸ் வந்தது, பெண்கள் இறங்கினார்கள், அவளைக் காணவில்லை. ஆட்டம் தொடங்கியது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கால்பகுதி முடியும்போது, கேலரிப் படியில் ஒவ்வொன்றாக அவள் ஏறி வந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சூசை. எனக்கு இரண்டு வரிசை கீழே இருவரும் உட்கார்ந்தார்கள். சூசை என்னைப் பார்த்தார்; பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும், இது எதற்கு, அது எதற்கு என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பெனால்ட்டி கார்னர் வந்தது. நான் தரையைப் பார்த்தேன். பந்து கோல்கீப்பரின் காலில் பட்டுத் தெறித்த சத்தம் கேட்டது. பிறகு சூசையின் குரல்.

"அந்தப் பிள்ளை நிக்கிற எடத்துலயா நீ நிப்ப?"

"ஆமாப்பா."

"இம்புட்டு அகலத்தையும் ஒத்தையிலயா பாத்துக்கிட்ட?"

நான் நிமிர்ந்தபோது இருவரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் அவள் ஜப்பான் அணிக்குத் தண்ணீர் பார்க்க இறங்கிப் போனாள். சூசை எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறி, என் முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார்னு கூப்பிட வாய் வரல. ஆனா ஒங்கள வேற என்னன்னும் நான் கூப்பிட்டதில்ல" என்றார். மூச்சு வாங்கியது. "ஊர்ல ஒரு ஆள் விடாம சொல்லி வச்சிருக்கேன். ஆபீசுல, கோயில்ல, டீக்கடையில. எம்மவ பேச்சு கேக்காம கண்ணப் போக்கிக்கிட்டான்னு. நீங்க சொல்லித்தான் சொன்னேன். இனிமே பஸ் ஏறிப் போயி ஒவ்வொருத்தரா மாத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. நீங்கதான் போயிச் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். அவர் திரும்பித் தன் வரிசைக்கு இறங்கினார். இரண்டாம் பாதி தொடங்கியதும் நான் எழுந்து வந்துவிட்டேன். யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள் பேப்பரில்தான் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் மனைவியிடம் முதலில் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு தெருத்தெருவாகப் போக ஆரம்பித்தேன். தலைமையாசிரியர் இல்லை, இறந்துவிட்டார். சூசையோடு ஆபீசில் வேலை பார்த்தவர்களில் சிலர் இருக்கிறார்கள். ஒருவர் கதவைத் திறந்து, கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார். ஒருவர், இனிமேல் எதற்கு இதெல்லாம், கண் திரும்பி வரவா போகிறது என்றார். இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவதும் நான் போக முடியாத வீடுகளுக்காகத்தான். பிலோமினாவிடமிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

போன வாரம் டீக்கடை வைத்திருந்தவரின் வீட்டுக்குப் போனேன். படுக்கையில் இருக்கிறார், நினைவு தெளிவாக இருக்கிறது. சூசையின் மகள் பிலோமினா என்றேன். தெரியவில்லை என்றார். ஹாக்கி ஆடினாள், நம் பள்ளிக்கு மூன்று வருடம் கோல்கீப்பர், மாவட்டத்தில் அவளைத் தாண்டிக் கோல் போடுவது கஷ்டம் என்றெல்லாம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார், பிடிபடவில்லை. நான் எழுந்திருக்கும் நேரத்தில் அவருக்கே ஞாபகம் வந்தது.

"ஹெல்மெட் போடாமக் கண்ணப் போக்கிக்கிட்டுதே, அந்தப் பிள்ளையா?"

அந்தப் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தேன்.